லேசர் கிடையாது, டேப் கிடையாது... கண்ணும் ஒரு சக்கரமும்தான்! ஃபீல்டு டார்கெட்டுக்கு ஸ்கோப் தேர்ந்தெடுப்பது எப்படி?

மெரினாவிலோ, ஊர்த் திருவிழாவிலோ பலூன் சுட்ட அனுபவம் பலருக்கும் இருக்கும். காசைக் கொடுத்தால் கையில் ஒரு ஏர்கன் வரும். எதிரே பலகையில் வரிசையாக பலூன்கள். அவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. எல்லா பலூனும் ஒரே தூரம்தானே!

ஒலிம்பிக்கிலும் அப்படித்தான். 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற ஏர் ரைஃபிள் போட்டியில் இலக்கு இருப்பது 10 மீட்டரில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அதே 10 மீட்டர்தான். அந்தப் போட்டியில் துப்பாக்கி மேல் பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் வைக்கவும் அனுமதி இல்லை.

ஆனால், ஏர்கன் உலகில் இதற்கு நேரெதிரான ஓர் ஆட்டம் இருக்கிறது. அதன் பெயர் ஃபீல்டு டார்கெட். அங்கே இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதைக் கண்டுபிடிப்பதுதான் பாதி ஆட்டமே!

1980-ல் இங்கிலாந்தில் தொடங்கிய விளையாட்டு இது. மைதானத்தில் அல்ல, மரங்கள் அடர்ந்த காட்டுப் பகுதியிலோ மேடு பள்ளமான புல்வெளியிலோ நடக்கும். முயல், காகம், எலி என்று வெவ்வேறு வடிவங்களில் வெட்டிய இரும்புத் தகடுகளை அங்கங்கே நட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் வட்டமாக ஒரு துளை. துளைக்குப் பின்னால் ஒரு சின்ன தட்டு. பெல்லட் துளை வழியாகப் போய் அந்தத் தட்டில் பட்டால் பொம்மை மடங்கி விழும், ஒரு புள்ளி. துளைக்கு வெளியே தகட்டில் பட்டால் 'டங்' என்று சத்தம் மட்டும் வரும், பூஜ்யம். விழுந்த பொம்மையை நிமிர்த்த ஒரு கயிறு, சுடுபவர் உட்காரும் இடம் வரை நீண்டு கிடக்கும். இந்தக் கயிற்றைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இங்கிலாந்தில் இந்தத் தகடுகள் 8 கஜத்திலிருந்து 55 கஜம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். துணிக்கடையில் தாத்தா காலத்தில் சொன்ன அதே கஜம்தான். ஆங்கிலத்தில் யார்டு, மூன்று அடி. 55 கஜம் என்றால் ஏறக்குறைய 50 மீட்டர். துளைகளில் பெரியது 40 மில்லிமீட்டர், அதாவது ஒரு டேபிள் டென்னிஸ் பந்தின் அளவு. பக்கத்தில் இருக்கும் இலக்குகளுக்கு இன்னும் சிறிய துளைகள் வைப்பார்கள். 25 மில்லிமீட்டர் துளை நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறியது. 15 மில்லிமீட்டர் துளை சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். உலக சாம்பியன்ஷிப்பில் நாளொன்றுக்கு 50 வீதம் மூன்று நாள்களில் 150 இலக்குகள். முன்னணியில் இருப்பவர்களுக்கு இடையே ஒன்றிரண்டு புள்ளிகள்தான் வித்தியாசம் இருக்கும்.

லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வைத்துத் தூரம் பார்க்கத் தடை. பக்கத்துப் போட்டியாளரிடம் கேட்கவும் முடியாது. மிச்சம் இருப்பது துப்பாக்கி மேல் இருக்கும் ஸ்கோப் மட்டும்தான். அதனால்தான் இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் "எந்த ரைஃபிள் வாங்கலாம்?" என்று கேட்டால், அனுபவசாலிகள் "முதலில் ஸ்கோப்பைப் பற்றி யோசியுங்கள்" என்று திருப்பிவிடுகிறார்கள். பல பேர் விஷயத்தில் ரைஃபிளைவிட ஸ்கோப்தான் விலை கூடியதாக இருக்கும்.

ஐந்து கஜம் தப்பினால் என்ன ஆகும்?

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? 50 கஜமாக இருந்தால் என்ன, 55 கஜமாக இருந்தால் என்ன?

இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர் ரைஃபிளின் சக்திக்கு ஒரு வரம்பு உண்டு. 12 அடி-பவுண்டு, சுமார் 16 ஜூல். உலகப் போட்டிகளுக்கும் இதுதான் அளவுகோல். 4.5 மில்லிமீட்டர் விட்டமும் அரை கிராமுக்குச் சற்று கூடுதலான எடையும் கொண்ட ஒரு ஈய பெல்லட்டை இந்தச் சக்தி வினாடிக்கு 780 அடி வேகத்தை ஒட்டித்தான் அனுப்பும். சினிமா தோட்டா போல நேர்கோட்டில் போகாது, வளைந்து இறங்கும். 50 கஜத்தைக் கடக்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வினாடி பிடிக்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதைக் கிட்டத்தட்ட முக்கால் அடி கீழே இழுத்துவிடும்.

அதனால் ஒவ்வொரு தூரத்துக்கும் ஸ்கோப்பின் மேலே உள்ள திருகை வேறு வேறு எண்ணில் வைக்க வேண்டும். இலக்கு 55 கஜத்தில் இருக்கிறது, நீங்கள் 50 என்று நினைத்துத் திருகை வைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பெல்லட் சுமார் ஓர் அங்குலம் கீழே போய்ப் படும். 40 மில்லிமீட்டர் துளையின் நடுவிலிருந்து ஓரம் வரை 20 மில்லிமீட்டர்தான். ஓர் அங்குலம் என்பது 25. கை நடுங்கவில்லை, காற்று அடிக்கவில்லை, மூச்சை அடக்கிப் பிரமாதமாகச் சுட்டீர்கள். ஆனாலும் 'டங்'!

பக்கத்தில் இருக்கும் இலக்கு சுலபம் என்று நினைப்பதும் தப்புக்கணக்கு. ஸ்கோப் இருப்பது குழலுக்கு மேலே, இரண்டு அங்குல உயரத்தில். பெல்லட் கிளம்புவது கீழேயிருந்து. 8 கஜம், 10 கஜம் போன்ற தூரங்களில் பெல்லட் இன்னும் பார்வைக் கோட்டை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும். எனவே 10 கஜத்து இலக்கை 8 என்று தப்பாக எடுத்தாலே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரப் போய்விடும். 15 மில்லிமீட்டர் துளையில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஏழரை மில்லிமீட்டர்தானே!

ஆனால், இந்தக் கிட்ட தூரத்துச் சிக்கலை எந்த நல்ல ஸ்கோப்பும் சுலபமாகத் தீர்த்துவிடும். உண்மையான சோதனை 45 கஜத்துக்கு அப்பால்தான். ஸ்கோப் தேர்வு என்பதே கடைசியில் அந்தப் பத்து கஜத்துக்கான தேர்வுதான்.

மல்லிகை மொட்டும் மொட்டை மாடியும்

ஸ்கோப் எப்படித் தூரத்தை அளக்கிறது? உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. உங்கள் மொபைல் கேமராவே இதற்கு நல்ல பாடம் எடுக்கும்.

ஒரு மல்லிகை மொட்டை மிக அருகில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். மொட்டு பளிச்சென்று இருக்கும், இரண்டு அங்குலம் பின்னால் இருக்கும் இலை மங்கிப்போகும். அதே மொபைலை மொட்டை மாடியில் நின்று தெருவை நோக்கித் திருப்பினால், எதிர் வீடும் அதற்கடுத்த வீடும் அதற்கும் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் எல்லாமே தெளிவாக விழும். கிட்டத்தில் லென்ஸ் கறார். தூரம் போகப் போக அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

ஸ்கோப்பிலும் ஃபோக்கஸ் திருகு ஒன்று உண்டு. இடது பக்கத்தில் இருக்கும். பேரலாக்ஸ் திருகு என்றும் சொல்வார்கள். அதைத் திருகிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் இலக்கு பளிச்சென்று தெரியும். அந்த இடத்தில் திருகின் மேல் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதுதான் தூரம். இவ்வளவுதான் தத்துவம். கேட்க எளிது!

சிக்கல் கணக்கில் இருக்கிறது. லென்ஸைப் பொறுத்தவரை 10 கஜத்துக்கும் 15 கஜத்துக்கும் உள்ள வித்தியாசம், 50-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசத்தைப்போல 18 மடங்கு. இரண்டும் அதே ஐந்து கஜம்தான். ஆனால் திருகின் விளிம்பில் 10-க்கும் 15-க்கும் நடுவே 9 சென்டிமீட்டர் இடம் இருந்தால், 50-க்கும் 55-க்கும் நடுவே வெறும் 5 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். உள்ளே இயங்கும் பகுதிகளை ஒவ்வொரு நிறுவனமும் அமைக்கும் விதத்தைப் பொறுத்து இது கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் தலைகீழாக மாறாது.

இதற்காகத்தான் ஃபீல்டு டார்கெட் ஆடுபவர்களின் ஸ்கோப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு சைஸில் சக்கரம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். முதல்முறை பார்ப்பவர்களுக்குச் சிரிப்புகூட வரலாம். திருகின் மேல் மாட்டும் சைடு வீல் அது. ஸ்கோப்போடு வரும் சின்னத் திருகைவிட நான்கு மடங்கு விட்டமுள்ள சக்கரத்தை மாட்டினால், எண்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் நான்கு மடங்கு விரியும். ஒன்றேகால் மில்லிமீட்டராக இருந்தது ஐந்து மில்லிமீட்டர் ஆகும். சக்கரம் ஸ்கோப்பின் கூர்மையைக் கூட்டுவதில்லை. அது காட்டுவதைப் படிக்க இடம் தருகிறது, அவ்வளவே. மங்கலான ஸ்கோப்பில் எவ்வளவு பெரிய சக்கரம் மாட்டினாலும் மங்கலைத்தான் பெரிதாகப் படிக்க முடியும்.

பழைய மாடல்கள் சிலவற்றில் ஃபோக்கஸ் வளையம் முன் லென்ஸைச் சுற்றி இருக்கும். கண்ணாடித் தரத்தில் அவை மோசமில்லை. ஆனால், இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் தரையில் ஒரு மெத்தையைப் போட்டு, முழங்கால் மேல் ரைஃபிளைத் தாங்கி உட்கார்ந்துதான் சுடுகிறார்கள். ஒவ்வொரு இலக்குக்கும் கையை முன்னே நீட்டித் திருகிவிட்டு மறுபடி உட்கார்ந்த நிலையைச் சரிசெய்வது பெரிய தொல்லை. கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும்!

எத்தனை மடங்கு வேண்டும்?

கடையில் கேட்டால் பெட்டியில் அச்சடித்த எண்ணைத்தான் முதலில் காட்டுவார்கள். 3-9, 6-24, 8-32, 10-50. இலக்கை எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதன் கணக்கு அது. தூரம் அளக்க இந்த எண் ஏன் முக்கியம் என்பதைக் கண்ணாடிக் கடை மொழியிலேயே சொல்லிவிடலாம்.

இலக்கு 55 கஜத்தில் இருக்கிறது, ஃபோக்கஸ் 50-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மடங்கு ஸ்கோப்பில் இந்தத் தப்பு கண்ணுக்கு வந்து சேரும்போது வெறும் 0.2 பவர் அளவுதான். அதைக் கண் கவனிக்கவே கவனிக்காது. 16 மடங்கில் அரை பவர். 40 மடங்கிலோ 3 பவருக்கு மேல்! பெரிதாக்கம் இரட்டிப்பானால் இந்தத் தப்பு நான்கு மடங்காகிறது. அதனால்தான் 40 மடங்கில் 50-க்கும் 55-க்கும் வித்தியாசம் தெரிகிறது, 10 மடங்கில் தெரிவதில்லை. முன் லென்ஸ் அகலமாக இருப்பதும் இதற்குத் துணைசெய்யும். 50, 56, 60 மில்லிமீட்டர் லென்ஸ்கள் இந்த ஆட்டத்தில் சகஜம்.

'அப்படியானால் 50 மடங்கே வாங்கிவிடலாமே?' என்று தோன்றும். அங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

60 மில்லிமீட்டர் லென்ஸில் 50 மடங்கு வைத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் 1.2 மில்லிமீட்டர்தான். காட்டு நிழலில் நம் கண்மணி அதைவிடப் பல மடங்கு விரிந்திருக்கும். விளைவு, படம் இருட்டு. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாலும் படமே மறைந்துவிடும். இதயம் துடிப்பதுகூடக் குறுக்குக்கோட்டில் ஆட்டமாகத் தெரியும். வெயில் நாளில் தரையிலிருந்து எழும் வெப்ப அலை, இலக்கைத் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிய வைக்கும். விலை குறைந்த கண்ணாடியாக இருந்தால் 35 மடங்குக்கு மேல் எல்லாம் சோப்பு நுரை வழியாகப் பார்ப்பதுபோல்தான் இருக்கும். பளிச்சென்று தெரியும் புள்ளியே இல்லை என்றால் எதை வைத்துத் தூரம் படிப்பது?

சுமாரான 50 மடங்கைவிடத் தெளிவான 35 மடங்கு எவ்வளவோ மேல். இந்த ஆட்டத்தின் பழைய பெயர்களில் ஒன்றான அமெரிக்காவின் லியூபோல்டு காம்பெட்டிஷன் வரிசை 35, 40, 45 என்று மாறாத ஒரே பெரிதாக்கத்தில்தான் வந்தது. கண்ணாடி தெளிவாக இருந்ததால் அதைத் தேடி வாங்கினார்கள். ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டர், ஃபீல்டு டார்கெட்டுக்கென்றே 12.5-50 மடங்கு ஸ்கோப் ஒன்றைச் செய்தது. சைட்ரான், மார்ச், நிக்கோ ஸ்டெர்லிங் போன்ற பெயர்களும் இங்கிலாந்துப் போட்டிகளில் பழக்கமானவை. இவற்றில் சிலவற்றின் விலை நம் பணத்தில் லட்சங்களில். எனவே பெயரைப் பார்த்து வாங்குவதற்கு முன் இன்னும் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

எட்டு கஜத்தில் தெரியுமா?

முதலில் பார்க்க வேண்டியது, ஆனால் பலரும் வாங்கிய பிறகே கவனிப்பது: ஸ்கோப் எவ்வளவு கிட்டத்தில் ஃபோக்கஸ் ஆகும்? அதிக மடங்கு ஸ்கோப்புகள் பல, நூற்றுக்கணக்கான மீட்டர் சுடும் பெரிய துப்பாக்கிகளுக்காகச் செய்யப்பட்டவை. 25 கஜத்துக்குக் கீழே அவற்றில் எதுவுமே தெரியாது, எல்லாம் பனிமூட்டம்தான். கண்ணாடி உலகத் தரமாக இருந்தாலும் இந்த ஆட்டத்துக்கு அது பாதி ஸ்கோப். பத்து கஜம் அல்லது அதற்கும் கிட்டே தெளிவாகத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, ரைஃபிளின் வகை. அழுத்தப்பட்ட காற்றை டாங்கில் நிரப்பிச் சுடும் ரைஃபிள்கள் அதிராது. ஸ்பிரிங் வகை ஏர்கன் அப்படியல்ல. பின்னால் ஒரு உதை, உடனே முன்னால் ஒரு உதை என்று இரண்டு பக்கமும் குலுக்கும். பெரிய துப்பாக்கியின் பின்னுதையைத் தாங்கும் ஸ்கோப்கூட இந்த முன்னுதையில் உள்ளே லென்ஸ் கழன்று போனதுண்டு. ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஏற்றதுதானா என்று தயாரிப்பாளரின் குறிப்பிலேயே பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவதாக, மேல் திருகு. தூரத்தைப் படித்த பிறகு அந்தத் தூரத்துக்கு உயரத்தைச் சரிசெய்வது இதில்தான். ஒவ்வொரு 'கிளிக்'கும் பொதுவாக 50 கஜத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்த்தும். ஒரு போட்டியில் நாற்பது ஐம்பது முறை மேலும் கீழும் திருகுவார்கள். ஒவ்வொரு முறையும் புறப்பட்ட இடத்துக்கே சரியாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் தூரத்தை எவ்வளவு துல்லியமாகப் படித்தும் பயனில்லை.

அப்பா கண்ணும் மகன் கண்ணும்

தூரம் அளப்பதில் பாதி வேலையைச் செய்வது ஸ்கோப் அல்ல, கண். இதில் ஒரு வேடிக்கை உண்டு.

இளவயதுக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தானாகவே ஃபோக்கஸை மாற்றிக்கொள்ளும். ஸ்கோப் கொஞ்சம் தப்பாக நின்றாலும் கண் அதை ஈடுகட்டி, 'எல்லாம் தெளிவுதான்' என்று மூளைக்குச் சொல்லிவிடும். ஆக, 16 வயதுப் பையனுக்கு 48-லும் பளிச், 52-லும் பளிச்! நாற்பதுகளைத் தாண்டியவர்களுக்கு, பேப்பர் படிக்கக் கண்ணாடி தேடத் தொடங்கும் வயதில், இந்தத் திறன் குறைந்துவிடும். எனவே ஸ்கோப் தப்பாக நின்றால் அவர்களுக்கு மங்கலாகவே தெரியும். தூரம் அளக்கும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் வயது அவ்வளவு மோசமான கூட்டாளி அல்ல. இந்த ஆட்டத்தில் தலை நரைத்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து போட்டியிட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இளம் கண்ணை ஏமாற விடாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது. முதலில் ஸ்கோப்பை வெற்று வானத்தையோ வெள்ளைச் சுவரையோ நோக்கித் திருப்பி, கண் வைக்கும் பக்கத்து வளையத்தைத் திருகிக் குறுக்குக்கோடு கூர்மையாகத் தெரியும்படி வைக்க வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது. அதன்பின் அந்த வளையத்தைத் தொடக் கூடாது. தூரம் பார்க்கும்போது கண் குறுக்குக்கோட்டிலேயே நிற்க வேண்டும். இலக்கு தானாக அந்தக் கோட்டோடு சேர்ந்து தெளிவாகி வரட்டும். இலக்கை முறைத்துப் பார்த்தால் கண் தன் வேலையைக் காட்டிவிடும்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. சாதாரண பவர் குறையை அந்த வளையத்தாலேயே சரிசெய்துகொள்ளலாம். சிலிண்டர் பவர் இருந்தால் முடியாது, கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும். எப்படியானாலும், எண்களைக் குறிக்கும் அன்று கண்ணாடி போட்டிருந்தால் போட்டியன்றும் அதையே போட வேண்டும். கண் பவர் மாறிப் புதுக் கண்ணாடி வந்தால் சக்கரத்தின் எண்களையும் புதிதாக எழுத வேண்டியதுதான்.

எண்ணை எழுதுவது எப்படி?

சக்கரத்தில் கம்பெனி அச்சடித்த எண்களை இந்த ஆட்டக்காரர்கள் நம்புவதில்லை. நம்பக் கூடாது என்பதுதான் சரி. அளவு டேப் எடுத்துத் தரையில் உண்மையான தூரத்தை அளந்து, இலக்கை வைத்து, ஃபோக்கஸ் செய்து, சக்கரத்தைச் சுற்றி ஒட்டிய வெள்ளை டேப்பில் பென்சிலால் கோடு போடுகிறார்கள். கிட்டத்தில் ஒவ்வொரு கஜத்துக்கும் ஒரு கோடு.

எதை ஃபோக்கஸ் செய்வது? வழுவழுப்பான, பெயின்ட் அடித்த தகட்டில் கண்ணுக்குப் பிடிமானம் எதுவும் இருக்காது. இப்போது அந்தக் கயிற்றுக்கு வருவோம். கயிற்றின் முடிச்சு, அதன் இழை, ஓர் ஆணித் தலை, பெயின்ட் பெயர்ந்த விளிம்பு, தகட்டை ஒட்டி நிற்கும் ஒற்றைப் புல். இவைதான் தெளிவையும் மங்கலையும் பளிச்சென்று காட்டும். ஆனால், புல் தகட்டுக்கு முன்னால் அரை கஜம் தள்ளி நின்றால் கணக்கு கெட்டுப்போகும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சக்கரத்தை எப்போதும் ஒரே திசையிலிருந்து திருப்ப வேண்டும். எந்தத் திருகிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். வலமிருந்து வந்தால் ஓர் எண், இடமிருந்து வந்தால் இன்னோர் எண் காட்டும். தயங்கித் தயங்கி மெதுவாகத் திருகினால் கண்ணும் கூடவே பழகிவிடும். ஒரே ஓட்டமாகத் திருகி, பளிச்சென்று வந்த இடத்தில் நிறுத்துவதே நல்லது.

வெயில் இன்னொரு வில்லன். காலைக் குளிரில் 50 என்று காட்டிய கோடு, மதியம் ஸ்கோப் சூடேறியதும் 47 என்றோ 53 என்றோ நகர்ந்துவிடக்கூடும். லென்ஸும் உலோகக் குழாயும் வெப்பத்தில் விரிவதால் வரும் வினை இது. அதிக மடங்கில் தூரம் படிப்பதால்தான் இவ்வளவு சின்ன நகர்வும் தெரிகிறது. சிலர் ஸ்கோப் மேல் ஒரு சின்ன தெர்மாமீட்டர் பட்டையை ஒட்டி, குளிர் நாளுக்கு ஒரு கோடு, வெயில் நாளுக்கு ஒரு கோடு என்று வேறு வேறு நிறத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். முறை வரும்வரை ஸ்கோப் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி நிழலில் வைப்பது காசில்லாத வைத்தியம்.

எதிர்மாறான ஒரு தங்கை

கடைக்குப் போவதற்கு முன் எந்த ஆட்டத்துக்காக வாங்குகிறோம் என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஃபீல்டு டார்கெட்டுக்கு ஹன்டர் ஃபீல்டு டார்கெட் என்று ஒரு தங்கை உண்டு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் குணம் வேறு. இங்கிலாந்தின் ஹன்டர் போட்டியில், ஆட்டம் தொடங்கிய பிறகு ஸ்கோப்பில் எதையும் திருகக் கூடாது. ஒரே அமைப்பில் வைத்து, குறுக்குக்கோட்டில் உள்ள புள்ளிகளைக் கொண்டு உத்தேசமாக உயர்த்திப் பிடித்துச் சுட வேண்டும். அவர்களுக்குத் தேவை 10 மடங்கை ஒட்டிய ஸ்கோப். கிட்டத்திலும் தூரத்திலும் எல்லாமே ஓரளவு தெளிவாகத் தெரிய வேண்டும். ஃபீல்டு டார்கெட்காரர் எதைக் குறை என்கிறாரோ, அதையே ஹன்டர் ஆடுபவர் தேடி வாங்குகிறார்! அமெரிக்காவில் ஹன்டர் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே திருகலாம், ஆனால் 16 மடங்குக்கு மேல் போகக் கூடாது. 16 மடங்கில் 50-க்கும் 55-க்கும் அரை பவர்தான் வித்தியாசம் என்பதை மேலே பார்த்தோம். அங்கே கண்ணாடியின் தெளிவும் கண்ணின் பழக்கமும் இன்னும் முக்கியம்.

வாங்கும் முன் ஒரு சோதனை

கடை வாசலில் நின்று எதிர் பில்டிங்கின் போர்டைப் படித்துப் பார்த்துவிட்டு "சூப்பரா தெரியுதே" என்று வாங்குவதில் அர்த்தமில்லை. அந்த போர்டு எல்லா ஸ்கோப்பிலும்தான் தெரியும். ஒரு கிளப்புக்குப் போய், ஏற்கெனவே ஆடுபவரின் ஸ்கோப்பைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் ஆசையாகவே காட்டுவார்கள்.

சோதனை இதுதான். 50 கஜத்தில் ஓர் இலக்கு, 55 கஜத்தில் ஓர் இலக்கு. சக்கரத்தில் ஒரு பேப்பர் டேப். எண்ணைப் பார்க்காமல் 50 கஜத்து இலக்கைப் பத்து முறை ஃபோக்கஸ் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நின்ற இடத்தில் பக்கத்தில் இருப்பவர் ஒரு கோடு போடட்டும். பிறகு 55-க்கும் அதேபோல் பத்து கோடுகள், வேறு நிறத்தில். இரண்டு நிறமும் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து நின்றால் அந்த ஸ்கோப்பும் உங்கள் கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று அர்த்தம். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால், பெட்டியில் 50 மடங்கு என்றிருந்தாலும், விலை எத்தனை லட்சமாக இருந்தாலும், உங்களுக்கு அது ஆகாது. இன்னொருவருக்கு அது பொருந்தலாம். கண் வேறு அல்லவா?

ஸ்கோப் துப்பாக்கி மேல் இருக்கும்போது அதன் வழியாகப் பார்ப்பதும் குறிபார்ப்பதும் ஒன்றுதான். சோதனைக்காகத் தெருவையோ பக்கத்து வீட்டு ஜன்னலையோ நோக்கி ரைஃபிளைத் திருப்பவே கூடாது. பெல்லட் இல்லையென்றாலும் கூடாது. கிளப்பின் சுடும் வரிசையில், இலக்குத் திசையில் மட்டும்தான்.

பட்ஜெட் இடிக்கிறவர்களுக்குப் பழைய ஸ்கோப் நல்ல வழி. இந்த ஆட்டத்தில் புது மாடல் வந்ததும் மாற்றுபவர்கள் அதிகம். நல்ல கண்ணாடிகள் செகண்ட் ஹேண்டில் வந்துகொண்டே இருக்கும். லென்ஸில் கீறல், உள்ளே தூசி, திருகில் வழுக்கல் இருக்கிறதா என்று பார்த்து, அதே பத்து கோடு சோதனையைச் செய்துவிட்டு வாங்கலாம். பழைய சொந்தக்காரர் சக்கரத்தில் அழகாக எண் எழுதி ஒட்டிய டேப்போடுதான் பெரும்பாலும் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை உரித்துப் போட்டுவிட்டுப் புது டேப் ஒட்டுங்கள். அந்த எண்கள் அவருடைய கண்ணுக்கு எழுதியவை.